எரியாத கன்னம்

எனக்கு இடது கண் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புதிதாகப் பார்க்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்து, சட்டென்று சுவரைப் பார்த்து, கேட்கலாமா வேண்டாமா என்று படும் அவஸ்தையைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். நான் கறுப்புக் கண்ணாடி போடுகிறவள் இல்லை. கண் இருந்த இடத்தில் என் தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். விபத்தா என்று கேட்பார்கள். இல்லை, பூசணம் என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கொரோனா சமயத்தில் தொலைக்காட்சியைப் போட்டால் கருப்புப் பூஞ்சை, கருப்புப் பூஞ்சை என்று ஒரே கூச்சல். ஏதோ அன்றைக்குத்தான் அது பிறந்து வந்ததுபோலப் பேசினார்கள். எனக்குச் சிரிப்பாக வந்தது. அது என்னைத் தேடி வந்தது தொண்ணூறுகளில், இதே மைசூரில், தசரா சமயத்தில். அப்போது அதற்குத் தமிழில் பெயர்கூட இல்லை. எங்கள் வீட்டில் அதற்குக் கிடைத்த முதல் பெயர் தலைநீர்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான், என் கணவர், மாமியார், கணவரின் அண்ணன். மாமனார் அரசாங்க வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர், நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்விட்டார். கணவரின் அண்ணனை நான் இந்த ஊர் வழக்கப்படி பாவா என்று கூப்பிடுவேன். மனைவியை இழந்தவர், சாது, ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அச்சடித்த எழுத்து எதுவாக இருந்தாலும் படித்துவிடுவார். கடலை மடித்து வந்த காகிதம், சோப்பு உறை, எதையும் விடமாட்டார். எனக்கும் கணவருக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊரும் உறவும் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு என் காது நன்றாகத் தடித்திருந்தது. பிற்பாடு அது மிகவும் உபயோகமாக இருந்தது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஜனங்கள் வரிசையில் நின்று பணம் கட்டும் ஜன்னல்களில் ஒன்றுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பேன். வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். சில்லறை இல்லாமல் வருகிறவர்களுக்கு என் ஜன்னல் என்றால் கொஞ்சம் பயம்.

எனக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை என்று அந்த வருஷந்தான் இன்சுலின் ஊசி ஆரம்பித்திருந்தார்கள். நானே தொடையில் போட்டுக்கொள்வேன். குப்பி ஃப்ரிட்ஜில், கதவுப் பக்கத்துத் தட்டில் இருக்கும். நவராத்திரிக்கு முந்தின அமாவாசை அன்று பாவா ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தவர், கை சும்மா இராமல் அந்தக் குப்பியை எடுத்து லேபிளைப் படித்தார். அந்தக் காலத்து இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுப்பது. அது லேபிளில் போட்டிருந்தது. அவர் படித்ததோடு நிற்கவில்லை, அம்மாவைக் கூப்பிட்டு அர்த்தமும் சொன்னார்.

நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம். மாமியார் ஃப்ரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, நைவேத்தியப் பால் வைக்கிற இடத்திலா அது இருந்தது என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து அவர் அந்தக் குப்பியைக் கையால் தொட்டதில்லை. பால் எடுக்கும்போது குறுக்கே இருந்தால் கரண்டிக் காம்பால் தள்ளி வைப்பார்.

கொலு வைக்கிற ஒன்பது நாளும் ஊசி வேண்டாம், பழைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம், விஜயதசமி கழித்து மறுபடி ஆரம்பித்தால் போயிற்று என்று வீட்டில் முடிவாயிற்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊசியைப் போட்டுக்கொள் என்று சொன்ன மருத்துவர், நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. இதைச் சொன்னால் சிலர், அப்படியானால் நீயே இழுத்துவிட்டுக்கொண்டதுதானே என்பார்கள். இதில் யார் மேலும் பழி போட எனக்கு இஷ்டமில்லை, என்னையும் சேர்த்து. சாமிக்குப் பயந்த நான்கு பேர் நல்லது என்று நினைத்துச் செய்த காரியம் அது. அப்படிப்பட்ட காரியங்களில்தான் ஆளே போய்விடுகிறது.

கொலு ஜோராக நடந்தது. சாயங்காலம் ஆனால் தெருப் பெண்களுக்கெல்லாம் சுண்டல், வெற்றிலை பாக்கு. எனக்கு ஓயாத தாகம். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். பாதி நவராத்திரி போயிருக்கும், இடது பக்கம் தலைவலி ஆரம்பித்தது. மூக்கு அடைத்துக்கொண்டது, கன்னம் கனத்தது. மாமியார் என் முகத்தைத் தொட்டுப் பார்த்து, தலைநீர் இறங்கியிருக்கிறது என்றார். சுக்கை உரசிச் சூடாக்கி, நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் பத்துப் போட்டார்.

சுக்குப் பத்து போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். காயக் காய எரிகிற எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கு வலது கன்னம் எரிந்தது. இடது கன்னம் எரியவே இல்லை. மாமியாரிடம் சொன்னேன். சுக்கு உளுத்துப் போயிருக்கும் என்றார். ஒரே சுக்கு ஒரு பக்கம் உளுத்து ஒரு பக்கம் நன்றாக இருக்குமா என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மறுநாள் அலுவலகம் போகிற வழியில் மார்க்கெட்டில் சுக்கு விற்ற கடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். உளுத்த சுக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களே என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடை மல்லிகைக்காரிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அந்த மனிதர் இருப்பதில் நல்லதாகப் பொறுக்கிக் காசு வாங்காமல் கொடுத்தார்.

புதுச் சுக்கும் எரியவில்லை. ஆகவே இடது பக்கம் இன்னும் கனமாகப் பூசினோம். பத்து காய்ந்து பழுப்பாக அப்பிக்கொண்டிருந்ததால் அதற்கு அடியில் தோல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. மூக்கோரம் கறுப்பாக இருந்ததை மாமியார் பத்தின் பொருக்கு என்றே நினைத்தார். இமை வீங்கியது. அஷ்டமி அன்று சாயங்காலம் கொலுவுக்கு விளக்கேற்றும்போது மேல்படியில், இங்கே பட்டத கொம்பெ என்று சொல்லும் ராஜா ராணி மரப்பாச்சிகள் இரண்டு ஜோடியாகத் தெரிந்தன. சிரித்துக்கொண்டே கணவரிடம் சொன்னேன், இந்த வருஷம் நம்ம ராஜாவுக்கு ஜோடி கூடிவிட்டது என்று. அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், ஆட்டோ கூப்பிட ஓடினார்.

பெரிய மருத்துவமனை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் அன்று இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார், கன்னடக்காரர். முதலில் நர்ஸிடம் சொல்லி அந்தப் பத்தைக் கழுவச் சொன்னார். கழுவிக்கொண்டிருக்கும்போதே நான் என் வழக்கப்படி சுக்குக் கடைக்காரரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன், இந்தப் பக்கம் எரிகிறது, அந்தப் பக்கம் எரியவே இல்லை என்று. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"உரி ஆகல்வா? ஸ்வல்பனூ?"

எரியவே இல்லையா, கொஞ்சங்கூடவா என்று கேட்டார். இல்லை என்றேன். என் இடது கன்னத்தில் பஞ்சுத் திரியால் தடவினார், பிறகு ஊசி முனையால் தொட்டார். தொடுகிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. உள்ளே ஒரே கறுப்பு. அதைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டு, ஆளை அனுப்பாமல் அவரே பரிசோதனைக் கூடத்துக்குப் போனார்.

திரும்பி வந்து எங்களை உட்கார வைத்துச் சொன்னார். இது ஒரு பூசணம். காற்றில், மண்ணில், அழுகின பழத்தில் எல்லாம் இருக்கிறது. எல்லார் மூக்கிலும் போகிறது, வருகிறது, ஒன்றும் செய்யாது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சிப்போய் உடம்பு எதிர்க்கச் சக்தியில்லாமல் இருந்தால் அங்கேயே வேர் பிடித்துவிடும். ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைக்கும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துவிடும், செத்த சதைக்கு உணர்ச்சி ஏது, அதனால்தான் எரியவில்லை. மூக்கிலிருந்து கன்னத்துக்கு, கன்னத்திலிருந்து கண்ணுக்கு, கண்ணிலிருந்து மூளைக்கு. கண்வரைக்கும் வந்துவிட்டது என்றார். என் வலது கண்ணை மூடிவிட்டு இடது கண்ணில் விளக்கடித்தார். சாயங்காலம் இரண்டிரண்டாகக் காட்டிய கண், இப்போது விளக்கையே காட்டவில்லை.

மாமியாருக்கு இது எதுவும் பிடிபடவில்லை. "ஊறுகாயில பூக்குமே, அந்தப் பூசணமா? மனுஷ மூஞ்சியிலயா?" என்று கேட்டார். மருத்துவர் தமிழ் புரிந்தவர்தான், ஆமாம் அம்மா, அந்த ஜாதிதான் என்றார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தினம் இரண்டு வேளை குளிக்கிற என் முகத்தில், மூடி சரியாகப் போடாத ஊறுகாய் ஜாடியில் வருவது வந்திருக்கிறது. அசிங்கம் என்று நினைக்கிறாரோ என்று தோன்றியது. நினைத்தால் நினைக்கட்டும் என்றும் தோன்றியது.

அன்றே சர்க்கரையை இறக்க நரம்பில் இன்சுலின் ஏற்ற ஆரம்பித்தார்கள், அதே மாட்டு இன்சுலின். பூசணத்துக்கான மருந்து மைசூரில் கிடைக்கவில்லை. பெங்களூரில் கிடைக்கும், ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கணவர் வீட்டிலிருந்த பெரிய ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு விடிந்ததும் பஸ் ஏறினார். அன்று ஆயுத பூஜை. கடைகள் மூடியிருக்கும், எந்தக் கதவைத் தட்டுவாரோ தெரியாது. போகும்போது என் வலது கையைப் பிடித்துக்கொண்டு, நான் வரவரைக்கும் தைரியமா இரு என்றார். தைரியத்துக்கு எனக்குப் பஞ்சமில்லை, நீங்கள் மருந்தோடு வாருங்கள் என்றேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் மருத்துவர் வந்தார். கண் மருத்துவரும் கூட இருந்தார். மருந்து வரட்டும் என்று காத்திருக்க முடியாது, செத்த இடத்துக்கு மருந்து போய்ச் சேராது, அதை வெட்டி எடுத்தே ஆகவேண்டும். கண்ணையும், கன்னத்துக்குள் கறுத்துப்போன எலும்பையும் இன்றைக்கே எடுக்க வேண்டும். மூளைக்கு ஏறிவிட்டால் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நர்ஸ் ஆபரேஷன் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து, என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "மனெயவர சைன் பேக்கம்மா" என்றார். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமாம்.

வீட்டுக்காரர் பெங்களூர் பஸ்ஸில் இருந்தார். பின்னால் நின்றவர் பாவா. காகிதம் அவர் கைக்குப் போனது. அவருக்குப் படிக்கக் கிடைத்தால் போதுமே, முழுவதையும் படித்தார். படித்துவிட்டு மடித்தார். இன்றைக்கு வேண்டாம் என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதை நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஆயுத பூஜை அன்று கத்தி, அரிவாள், கத்திரிக்கோல் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமிவரை எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அன்று காய்கூட முதல் நாளே நறுக்கி வைத்துவிடுவோம். ஊரே ஆயுதத்தை இறக்கி வைத்திருக்கிற நாளில் மனுஷியின் முகத்தில் கத்தி வைப்பதா என்று அவருக்கு. போதாததற்கு நவமி திதி. நாளைக்கு விஜயதசமி, அதைவிட நல்ல நாள் உண்டா, தம்பியும் வந்துவிடுவான், ஒரு நாள்தானே என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். பார்வைதான் போய்விட்டது, கண்ணாவது முகத்தில் இருக்கட்டுமே, பொம்பளைப் பிள்ளை நாலு பேர் முன்னால் உட்கார வேண்டாமா என்று.

மருத்துவர் மறுபடி பொறுமையாகச் சொன்னார், ஒரு நாள் என்பது இதில் மிகப் பெரிய காலம் என்று. பாவா தலையை ஆட்டிக்கொண்டே மாமியாரைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க." மாமியார் சுவரோரம் நின்றிருந்தார். வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, செய் என்றும் சொல்லவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அவர்மேல் எனக்கு எத்தனையோ முறை கோபம் வந்திருக்கிறது, அன்றைக்கு வந்ததுபோல வந்ததில்லை.

நான் படுத்திருந்த இடத்திலிருந்து கதவுக்கு வெளியே ஆபரேஷன் தியேட்டர் வாசல் தெரிந்தது. மாவிலை கட்டியிருந்தார்கள். தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக்கூடக் குங்குமம் வைத்திருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்குப் பூ. எனக்கு ஒற்றைக் கண்ணில் அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். தலை சுற்றியது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாவா, அந்தக் காகிதத்த இங்க கொடுங்க."

"அவன் வரட்டும்மா. பாரு, நாளைக்குக் காலைல..."

"அவங்க கத்தி எல்லாத்துக்கும் பூஜை பண்ணியாச்சு. பூஜை பண்ணின கத்தி இன்னைக்குத்தான் நல்லா வெட்டும். கண்ணு என்னோடது, கையெழுத்தும் நான்தான் போடுவேன்."

நர்ஸ் மருத்துவரைப் பார்த்தார். நோயாளி தெளிவாகத்தானே பேசுகிறார், வாங்கிக்கொள் என்றார் மருத்துவர். ஆனாலும் பேனா கொடுக்க அந்த நர்ஸுக்கு மனசு வரவில்லை. மருத்துவரே தன் பேனாவைக் கழற்றிக் கொடுத்தார். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ ரசீதில் கையெழுத்துப் போடுகிறவள் நான். அன்றைக்குப் போட்டதுபோல அழகான கையெழுத்து என் வாழ்க்கையில் போட்டதில்லை. என் பெயர், அதற்குக் கீழே ஒரு கோடு.

மறுநாள் மத்தியானம் எனக்கு நினைவு சரியாகத் திரும்பியபோது எங்கோ தூரத்தில் பீரங்கி வெடித்தது. தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி புறப்படுகிறது, அரண்மனையில் குண்டு போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஊரே யானை பார்க்கப் போயிருந்தது. முகத்தில் பாதி கட்டுக்குள் இருந்தது. கொஞ்ச நேரத்தில் கணவர் வந்தார், சட்டை கசங்கி, ஃபிளாஸ்கைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு. ஊர்வலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம், அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ஐஸ் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

அந்த மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்க மஞ்சளாக, சாதுவாக இருக்கும். வெளிச்சம் படக்கூடாது என்று பாட்டிலைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் கட்டுவார்கள். வார்டில் கறுப்புக் காகிதம் தீர்ந்துபோனபோது என் அலுவலகத்துத் தோழி ஒருத்தி ஒரு கட்டுக் கார்பன் பேப்பரைக் கொண்டுவந்து போட்டாள். அது சொட்டுச் சொட்டாக ஏறுவதற்குள் குளிர் வரும். சாதாரணக் குளிர் இல்லை, கட்டில் கடகடவென்று ஆடும், பல்லும் பல்லும் அடித்துக்கொள்ளும், நான்கு கம்பளி போட்டாலும் நிற்காது. பிறகு கொதிக்கிற ஜுரம். வாந்தி. கை நரம்பெல்லாம் கயிறுபோல விறைத்துவிட்டன. சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இது தினமும், வாரக்கணக்கில். குளிர் வரும்போதெல்லாம் அந்தப் பூசணத்தைத் திட்டுவேன். கன்னடத்தில் திட்டினால் நர்ஸ்களுக்குப் புரிந்துவிடும் என்பதால் தமிழில் திட்டுவேன். கொஞ்ச நாளில் அவர்களும் அந்த வார்த்தைகளைக் கற்றுக்கொண்டார்கள்.

நான் இருக்கும்போதே குண்டலுபேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். விவசாயி. இதே நோய், இதே கண். கேள்விப்பட்டதும் நான் மருந்துப் பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு அவர் கட்டிலுக்குப் போனேன். அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினாள். பரவாயில்லை, நன்றாகப் பார் என்றேன். கண் போயிற்று, பேசுகிறேன், சாப்பிடுகிறேன், நடந்து வந்திருக்கிறேன், எடுக்கச் சொல் என்றேன். அவள் தலையாட்டினாள். ஆனால் அவள் கையில் என்ன இருந்தது? வெளியே ஐந்தாறு ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோய் நாள் பார்த்துவிட்டு வருகிறோம் என்று அழைத்துப் போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. நல்ல நாள் கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கணவர் விளக்கை அணைக்கப் பார்த்தார், போடச் சொன்னேன். நன்றாக அழுதேன், ஒற்றைக் கண்ணால். அழுது முடித்ததும் பசித்தது. அதன் பிறகு அந்த முகத்துக்காக நான் அழுததில்லை.

அலுவலகத்தில் மேலதிகாரி நல்ல மனிதர், உள்ளே கோப்புகள் இருக்கும் அறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், உங்களுக்கும் சௌகரியம் என்றார். யாருக்குச் சௌகரியம் என்று கேட்டேன். மறுநாள் என் ஜன்னலில் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் வாரம் பக்கத்து ஜன்னல்களில் வரிசை நீண்டது, என் ஜன்னல் காலியாக இருந்தது. இரண்டாவது வாரம், காலியாக இருக்கும் ஜன்னலில் வேலை சீக்கிரம் முடியும் என்று ஜனங்கள் கண்டுகொண்டார்கள். அவசரத்துக்கு முன்னால் முகமாவது கிகமாவது. சில்லறை இல்லாமல் வந்தவர்கள் பழையபடி திட்டு வாங்கினார்கள்.

மறு வருஷம் நவராத்திரி வந்தது. தெருவில் இரண்டு மூன்று வீட்டில் என்னை வெற்றிலை பாக்குக்கு அழைக்கவில்லை. சுபகாரியத்தில் இந்த முகம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். அழைக்காத வீட்டுக்கெல்லாம் முதலில் போனேன். பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, கொலுவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து சுண்டலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

வீட்டில் ஊசி விஷயத்தை யாரும் எடுக்கவில்லை. பாவா ஃப்ரிட்ஜைத் திறந்தால் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் எடுத்தார். நான் ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. குப்பி நைவேத்தியப் பாலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மாமியாரின் கரண்டிக் காம்பு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்ற அந்த மௌனத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே சமையலறையில் அது எங்கள் இருவருக்கும் நடுவில் வருஷம் முழுவதும் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கணவர் ஸ்கூட்டரைக் கழுவி வாழைக்கன்று கட்டினார். கூடத்தில் மணையைப் போட்டு அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்பேனர், பாவாவின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். எல்லாம் வைத்து முடித்ததும் நான் ஃப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்துவந்தேன், ஊசிப் பெட்டியையும் எடுத்துவந்தேன். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் வைத்தேன்.

"இது என்னோட ஆயுதம்" என்றேன்.

பாவா மேலே விட்டத்தைப் பார்த்தார். கணவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியார்தான் எப்போதும் பொட்டு வைப்பவர். குங்குமக் கிண்ணத்தோடு வரிசையாக வந்தார். அரிவாள்மணைக்கு வைத்தார். குப்பியிடம் வந்து நின்றார். பிறகு குனிந்து, கை படாமல், மேலிருந்தே ஒரு சிட்டிகைக் குங்குமத்தை அதன்மேல் தூவிவிட்டுக் கத்தரிக்கோலுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஊசி நேரம் வந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக் கூடாது. எனக்கு அது தெரியும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வேண்டுமென்றுதான் வைத்தேன் என்பதும் தெரியும். இன்னொரு குப்பி வாங்கி வைத்திருக்கலாம், நான் வாங்கவில்லை. கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருக்க, எழுந்து மணைக்கு முன்னால் போய்க் குனிந்தேன்.

"இரு" என்றார் மாமியார்.

என் கை நின்றது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவர் முழங்காலில் கையூன்றி மெல்ல எழுந்து, அடுக்களைக்குப் போய்த் திரும்பி வந்தார். மணைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் குப்பியைத் தன் கையால் எடுத்தார். மறு கையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு இருந்தது.

"குங்குமத்தத் தொடச்சிட்டுத் தரேன்" என்றார். "மறுபடி பூசணம் கீசணம் வந்து தொலைக்கப் போவுது."